சுவர் மேல் பலகை

— ரொட்டியை அப்புறம் தின்னலாம் பிரீஷா. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வை.

— கூட்டித்தான் வெச்சிருக்கேன் அண்ணி. பந்தய பைக் சத்தத்துல கேக்கல. இந்த ஆள் போகட்டும்... போயிட்டான். சத்தியமா சொல்றேன், நம்ம தோட்டச் சுவர் ஒரு நாள் பொத்துனு விழத்தான் போகுது.

— ரேடியோல உன் அண்ணன் நேரத்தைச் சொன்னாங்களா?

— சொன்னாங்க. இந்த நேரத்துக்குள்ள முடிச்சா வெள்ளிச் சிலைன்னு வெச்சிருக்காங்களே, அதுக்கு உள்ள இருக்கான். இருபது நொடி உள்ள.

— அஞ்சாவது சுத்து முடிவுலயா?

— ஆமா. இன்னும் ஒரே சுத்து. இப்படியே ஓட்டினா சிலை உங்க வீட்டு அலமாரிக்கு வந்தாச்சு.

— 'உள்ளே 20'. அவன் தாண்டும்போது காட்டப் பலகைல எழுதிட்டேன். போன வருஷமும் இப்படித்தான் எழுதினேன். அதுக்கு முந்தின வருஷமும். நம்ம ஊர் ராம்சியைத் தாண்டுற வரைக்கும் உள்ள இருப்பான். மலை ஏறி இறங்கி, முடிவுக் கோடு இருக்கிற டக்ளஸ் போய்ச் சேர்றதுக்குள்ள வெளிய போயிருப்பான்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல அண்ணி. வாயில ரொட்டி.

— சிலை கிடைச்ச வருஷத்தோட பந்தயத்தை விட்டுடறேன்னு கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா முன்னாடி சொன்னான். எட்டு ஜூன் பந்தயம் ஆச்சு.

— அண்ணன் என்ன பண்ணுவான் பாவம். ஒரு வருஷம் பனி. ஒரு வருஷம் கிளட்ச். போன வருஷம் ஆடு குறுக்க வந்துச்சு.

— அந்த ஆட்டை வேற யாருமே பாக்கல. உன் வீட்டுக்காரர் மலையில எச்சரிக்கைக் கொடியோட நின்னாரே, அவர்கூடப் பாக்கல.

— இலியமுக்குக் கண்ணு சரியில்ல.

— கண்ணு சரியில்லாதவர் கையிலயா கொடியைக் கொடுத்திருக்காங்க? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— நான் சொன்னதா சொல்லிடாதீங்க. சத்தியமா?

— சொல்லு.

— ஆடும் இல்ல, மாடும் இல்ல. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துகிட்டு, வேலியோரம் நின்ன சனங்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கிட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போனானாம். முந்தின வருஷமும் அப்படித்தானாம்.

— அப்போ, நீ உள்ள இருக்கேன்னு என் பலகை சொன்ன உடனே...

— வேகத்தைக் குறைச்சிடறான். சிலை வந்துட்டா பைக்கை விடணுமே. கோவிச்சுக்காதீங்க அண்ணி. பலகையை ஏன் அழிக்கிறீங்க?

— சாக்பீஸை எடு. 'வெளியே 60'னு எழுதப் போறேன்.

— பலகைல பொய்யா?

— பொய்தான்.

— ஒவ்வொருத்தரையும் பத்து நொடி விட்டு விட்டு அனுப்புறாங்க. நாம முந்தியிருக்கோமா பிந்தியிருக்கோமான்னு ஓட்டுறவனுக்கே தெரியாது. பலகையை நம்பித்தான் உசுரையே வெக்கிறான். இந்தத் தீவுல சரக்கு கடத்தினவன்கூட பலகைல பொய் எழுதினதில்ல அண்ணி.

— தெரியும்.

— ஒரு நிமிஷம் பின்தங்கிட்டோம்னு மலையில விரட்டினான்னா?

— எதுக்கு விரட்டுவான்? அவனுக்குத்தான் சிலை வேண்டாமே. அஞ்சு பத்துன்னு எழுதினா ஒருவேளை கை அரிக்கும். அறுபதுன்னா, இந்த வருஷமும் தப்பிச்சோம்னு நிம்மதியா இப்ப போற மாதிரியே போவான். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

— கணக்கெல்லாம் போட்டாச்சு.

— எட்டு வருஷமா வேற என்ன கணக்கு போட்டேன்? அவன் வர வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமானாலும் எனக்குக் கால் தரையில நிக்காது. உங்கிட்டகூடச் சொன்னதில்ல.

— இந்தாங்க சாக்பீஸ்.

— இரு. மாமா சல்பி பாலத்துல பலகையோட நிக்கிறாரே. எனக்கு முன்னாடி அவர் பலகையைத்தானே பாப்பான்?

— எங்கப்பாவா? நாலாவது சுத்தோட பலகையைச் சுவத்துல சாத்திட்டு எதிர்த்த மதுக்கடைக்குள்ள போயிடுவாரு. வருஷா வருஷம் அதுதானே. கடைசிச் சுத்துக்கு உங்க பலகைதான்.

— அப்ப சரி. அந்தப் பக்கம் பிடி. நேரா.

— வர்றான். அண்ணன் பைக் சத்தம்தான். தூக்குங்க அண்ணி, தூக்குங்க.

— பாத்தானா?

— பாத்தான். தலையை ஆட்டினான். பலகையை இன்னும் இறக்கலையே நீங்க.

— இறக்கிட்டேன்.

— உட்காருங்க. டீ ஊத்தவா?

— வேண்டாம். ரேடியோல என்ன?

— வேற யாரையோ சொல்றாங்க. இருங்க, இலியம் செய்தி அனுப்பியிருக்கார். 'உன் அண்ணன் தாண்டிட்டான். இன்னிக்கு யாருக்கும் கையாட்டல. என்னைக்கூடப் பாக்கல.'

— விரட்டுறானா? கேளு.

— கேட்டேன். இல்லையாம். கோடு போட்ட மாதிரி ஒரே வேகத்துல போனானாம்.

— டீ ஊத்து.

— ஷ். அண்ணன் பேர் சொல்றாங்க... முடிச்சிட்டான். உள்ள, அண்ணி. பதினெட்டு நொடி உள்ள.

— திரும்பச் சொல்லு.

— சிலை வந்தாச்சு. அழாதீங்க, எனக்கும் வரும். அய்யோ, ஃபோன். அண்ணன்தான். சத்தமா வெக்கிறேன். அண்ணா, பிரீஷா பேசறேன். எங்களுக்கே ஆச்சரியம்தான், பாரேன்.

— நல்லா நடிக்கிற. பக்கத்துல வோரி இருக்காளா?

— இருக்கேன் ஃபின்லோ. பலகைல ஏதோ தப்பா எழுதிட்டேன் போல.

— அறுபதுன்னு எழுதியிருந்தே.

— ரேடியோ சரியாக் கேக்கல. ஒரே சத்தம்.

— வோரி, இந்த வருஷம் மதுக்கடையில நிக்கக்கூட இடமில்லையாம். அப்பா கடைசிச் சுத்து வரைக்கும் பாலத்துலயே நின்னாரு. அவர் பலகைல 'உள்ளே 20'.

— அப்போ... நான் காட்டுறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?

— தெரியும். மலையில கையாட்டத் தயாராத்தான் வந்தேன். எட்டு வருஷத்துல நீ எனக்கு ஒரு நொடிகூடக் கூட்டிக் குறைச்சுக் காட்டினதில்ல. அப்படிப்பட்ட நீயே பொய்யா எழுதின அந்த அறுபதைப் பாத்த அப்புறம், கைப்பிடியிலருந்து கையை எடுக்கவே மனசு வரல.