மூணாவது வேண்டாம்

பர்வானே: ...எல்லாம் சரியா இருக்கு, வாத்தியாரே. பன்னிரண்டு நடை, நாலு பெட்ரோல் ரசீது. இந்தாங்க, சங்கத்துலேருந்து உங்க செலவுப் பணம். கவர்ல இருக்கு.

ஹூஷங்: ஐயையோ, எதுக்கும்மா இதெல்லாம்? வேண்டாம்.

பர்வானே: ஒண்ணு.

ஹூஷங்: என்ன ஒண்ணு?

பர்வானே: ஒண்ணுமில்ல, வாய் தவறி வந்துடுச்சு. வாங்கிக்குங்க. கிட்னி போன மனுஷனை வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க, வர்றீங்க. எங்க சங்கத்துக்கு நீங்க தலைக் கிரீடம்.

ஹூஷங்: நான் உங்க காலடித் தூசி. பணமெல்லாம் வேண்டாம்மா.

பர்வானே: ரெண்டு. ...டீ ஆறுது பாருங்க. சர்க்கரைக் கட்டியை வாய்ல போட்டுக்குங்க. என் மேல ஆணை, இந்தக் கவரை வாங்கிக்கத்தான் வேணும்.

ஹூஷங்: ...சரி.

பர்வானே: மூணு. பேனா எங்க வெச்சேன்... இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க... என்ன சொன்னீங்க?

ஹூஷங்: சரின்னேன். குடுங்க.

பர்வானே: எதை?

ஹூஷங்: கவரை.

பர்வானே: எந்தக் கவரை?

ஹூஷங்: இவ்வளவு நேரம் என் மூக்குக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்தீங்களே, அதை.

பர்வானே: நீட்டினா உடனே வாங்கிடறதா?

ஹூஷங்: உடனேயா! ரெண்டு தடவை வேண்டாம்னேனே!

பர்வானே: அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டுதான் ஆச்சு. விதி மூணு. மூணாவதையும் சொல்லி முடிச்சுடுங்க, அப்புறம் நிதானமா பேசுவோம்.

ஹூஷங்: மூணாவது சொன்னா ‘மறுத்துவிட்டார்’னு நோட்டுல எழுதிடுவீங்க. ஏழு மாசமா அதுதான நடக்குது! ஏம்மா, நம்ம ஊர்ல கல்யாணப் பொண்ணே மூணாவது தடவை கேட்டப்புறம்தான் சம்மதம்னு வாயைத் திறக்குது. நான் அறுபத்தஞ்சு வயசு ஆளு, எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம் இருக்காதா? நாலாவது தடவை கேப்பீங்கன்னு நம்பித்தான மூணு தடவை வேண்டாம்னேன். ஷிராஸ்ல ஒரு காய்க்கடைக்காரன்கூட நாலு தடவை கேப்பான்!

பர்வானே: நான் என்ன செய்ய? ஜெர்மனியில இருந்துட்டு வந்தாரே நம்ம இன்ஜினியர், அவர் கொண்டு வந்த விதி. மூணுக்கு மேல கேட்டா நேரம் வீணாம். கமிட்டியில எல்லாரும் கை தூக்கிட்டாங்க.

ஹூஷங்: நீங்களுமா?

பர்வானே: அவர் மனசு நோகக் கூடாதேன்னு தூக்கினேன்.

ஹூஷங்: மத்தவங்க?

பர்வானே: அவங்களும் அதுக்குத்தான் தூக்கினாங்க. வெளியில வந்தப்புறம்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம்.

ஹூஷங்: நல்லா இருக்கு! அவர் மனசு நோகலை, என் மடி காலி.

பர்வானே: கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, வாத்தியாரே. தொண்டுன்னு வந்துட்டுக் கைக்காசைத் திருப்பி வாங்கினா... அப்புறம் அது தொண்டா?

ஹூஷங்: கூலியா கேட்டேன்? போக வர ஆகுற செலவுதான? காசு இருக்கறவன்தான் தொண்டு செய்யலாம்னா, பென்ஷன்காரன் எல்லாம் வீட்ல உக்காந்து பல்லுக் குத்தணுமா?

பர்வானே: நியாயம். ரொம்ப நியாயம். அடுத்த மாசம் கமிட்டி கூடுது, இதை அங்க...

ஹூஷங்: பஹ்மன் கீழ வாசப்படியில உக்காந்திருக்கான். ரெண்டு மணிக்கு டயாலிசிஸ். இப்பவே ஒண்ணு இருபது. அவன் கிட்னி கமிட்டி கூடற வரைக்கும் தாங்காதும்மா.

பர்வானே: அடடா, அவரை ஏன் கீழ விட்டீங்க? மேல கூப்பிடுங்க, ஒரு டீ குடிச்சுட்டு...

ஹூஷங்: அவனுக்குத் தண்ணியே அளந்து குடுக்குறாங்க, டீயாம் டீ! கவரு!

பர்வானே: நோட்டுல மையால எழுதிட்டேனே. ‘ஹூஷங், மறுத்துவிட்டார்.’

ஹூஷங்: எப்ப?

பர்வானே: காலையிலயே. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை.

ஹூஷங்: அடிச்சுட்டு எழுதுங்க.

பர்வானே: ரெண்டு வருஷமா இந்த நோட்டுல ஒரு அடித்தல் கிடையாது, வாத்தியாரே! பதினோரு தொண்டருங்க, பதினோரு பேரும் தங்கம். ...ஆமா, நேத்துத்தான முழு டேங்க் போட்டிருக்கீங்க? ரசீது சொல்லுதே. வண்டி ஓடுதுல்ல? இன்னிக்குப் போயிட்டு வந்துடுங்க, நாளைக்குப் பேசிக்கலாம்.

ஹூஷங்: வண்டிக்கென்ன... நல்லாத்தான் ஓடுதாம்.

பர்வானே: ஓடுதாமா?

ஹூஷங்: வாங்கினவரு சொன்னாரு.

பர்வானே: ...வாங்கினவரா?

ஹூஷங்: குளிர் காலத்துலயே வித்துட்டேன். பொண்ணுக்குச் சீர் சாமான் குடுக்கணும். ஃப்ரிட்ஜ், கம்பளம்... எல்லாம் என்ன விலை விக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அதுலேருந்து பஸ்லதான் கூட்டிட்டுப் போறேன்.

பர்வானே: அப்ப இந்த பெட்ரோல் ரசீதெல்லாம்?

ஹூஷங்: மச்சான் பங்க்ல வேலை பாக்கறான்.

பர்வானே: வாத்தியாரே! இருபத்தெட்டு வருஷம் பூகோளம் சொல்லிக் குடுத்தவரு நீங்க! இல்லாத வண்டிக்கு பெட்ரோல் காசு கேட்டீங்களா?

ஹூஷங்: எங்கம்மா கேட்டேன்? மறுக்கத்தான செஞ்சேன்! ரசீது இல்லாம மறுக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. பஸ்ல கார்டைத் தட்டிட்டு ஏறணும், அதுக்கு ஏது ரசீது? என் பேருக்கு நேரா வெறும் கோடு போட்டுடுவீங்க. மத்த பத்துப் பேரும் மறுத்தவங்க, நான் மட்டும் மறுக்கறதுக்குக்கூட வக்கில்லாதவனான்னு... அசிங்கமா இருந்துச்சு.

பர்வானே: ...சரி, அழாதீங்க. இன்னிக்கும் பஸ்லயே...

ஹூஷங்: சனிக்கிழமை பஸ் படியில பஹ்மன் கால் மடங்கி விழுந்துட்டான். விழுந்தவன் டிரைவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறான், உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்னு. இனிமே அவனால ஏற முடியாது. டாக்ஸிதான். என் பையில ஒரு தோமான் காசு இல்ல. வெட்கத்தை விட்டுச் சொல்லிட்டேன். கவரைக் குடுங்க.

பர்வானே: ஐயோ, கவரைப் பிடுங்காதீங்க!

ஹூஷங்: இழுக்காதீங்கம்மா, கிழிஞ்சுடும்.

பர்வானே: நீங்க இழுக்காதீங்க!

ஹூஷங்: விடுங்க... விடுங்கன்னா... ஐயோ, கிழிஞ்சுடுச்சு. ...என்னம்மா இது? நியூஸ் பேப்பர். பண நோட்டு அளவுக்கு வெட்டி... கால்பந்துப் பக்கம்.

பர்வானே: பதினோரு பேருக்கும் இந்த ஒரே கவருதான். ரெண்டு வருஷமா. வர்ற நன்கொடை ஊசி மருந்துக்கே பத்தலை, வாத்தியாரே. எப்படியும் யாரும் வாங்கப் போறதில்ல. ஆனா கேக்காம விட்டா மரியாதையா? அதான் மாசாமாசம் கேட்டேன்.

ஹூஷங்: ...நல்லா தடிமனா வெச்சிருக்கீங்க.

பர்வானே: உங்களைக் குறைச்சலா நினைச்சுட்டேன்னு இருக்கக் கூடாதுல்ல.

ஹூஷங்: ரொம்பப் பெருந்தன்மை, நன்றிம்மா. உங்க கை நோகாம இருக்கட்டும்.

பர்வானே: உங்க தலை நோகாம இருக்கட்டும். ...இப்ப என்ன செய்யறது? என்கிட்டயும் வீட்டுக்குப் போக பஸ் கார்டுதான் இருக்கு.

பஹ்மன்: யா அல்லா... உள்ள வரலாமா?

ஹூஷங்: பஹ்மன்! இந்தக் காலோட ஏண்டா படியேறின?

பஹ்மன்: மெதுவாத்தான் வந்தேன். கிளம்பு, டாக்ஸி நிக்குது.

ஹூஷங்: டாக்ஸியா? யாரு நிறுத்தினது? காசு?

பஹ்மன்: நான்தான் நிறுத்தினேன். எவ்வளவுன்னு கேட்டேன். ‘உங்ககிட்டப் போய்க் காசா, விடுங்க சார்’னாரு.

ஹூஷங்: அது எல்லா டாக்ஸிக்காரரும் மரியாதைக்குச் சொல்றதுதானேடா. நீ என்ன சொன்ன?

பஹ்மன்: சரின்னேன்.

பர்வானே: சரின்னா?!

பஹ்மன்: ‘ஆண்டவன் உங்களுக்கு நிறையக் குடுக்கட்டும்’னு சொல்லி, என் பையைப் பின் சீட்டுல வெச்சுட்டு வந்தேன். அதுக்கப்புறம் அவரு பேசவே இல்ல. ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருக்காரு.

ஹூஷங்: பாவம்டா! அவரும் பிள்ளைகுட்டிக்காரரு. செலவுக்குக்கூட ஒண்ணும் குடுக்காம எப்படிடா ஏறி உக்கார்றது?

பஹ்மன்: குடுக்கணும்தான். அவரும் இப்ப சங்கத்துத் தொண்டர் ஆயிட்டாருல்ல. மன்னிக்கணும்மா, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டேன்... அந்தக் கவரை ஒட்டி எடுத்துக்கிட்டுக் கீழ வாங்க. மூணு தடவை நீட்டுங்க போதும், முகத்தைப் பாத்தாலே தெரியுது, அவரும் நம்மள மாதிரி ஆளுதான்.