சத்தமில்லாத பெட்டி

அந்தப் பெட்டிக்குள்ள காத்தாடி இல்லை, காதியார். அதாலதான் சத்தமே வராது. மற்றக் கொம்பியூட்டரெண்டால் முட்டு வருத்தக்காரர் மாதிரி இரைஞ்சுகொண்டு கிடக்கும். இதுக்கு மவுசும் வேண்டாம், கீபோட்டும் வேண்டாம், திரையில விரலால தொட்டால் போதும். தின் கிளையன்ட் எண்டு பேர். வவுனியாவில ஒரு தொண்டு நிறுவனம் கந்தோரை மூடேக்க ஏலத்தில விட்டது. அது என்ன சாமான் எண்டு ஒருத்தருக்கும் விளங்காததால என்ர கைக்கு வந்திது.

தீர்ப்புச் சொல்லுற நீங்கள் கேட்டது வேற. பெப்ரவரியில எங்கட றம்சீன் மச்சானுக்கெண்டு பள்ளியில மையித்து உடம்பு இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதம், அப்ப ஜூலையில அடக்கினது ஆரை எண்டு கேட்டீங்கள். சொல்லுறன். பெட்டியில தொடங்காட்டில் அது விளங்காது.

என்ர கடை உங்களுக்குத் தெரியும். முன்னுக்குக் கடை, பின்னால வீடு. எங்கட பட்டாணிச்சூர்ப் பக்கத்தில முக்கால்வாசிப் பேருக்குத் தனி இ-மெயில் இல்லை. சவூதி, கட்டார், புத்தளம், எங்க இருந்து வந்தாலும் என்ர கடை அட்ரசுக்குத்தான் வரும். மேல ஆளின்ர பேர் இருக்கும், நான் எடுத்து அவையவைக்குக் குடுப்பன். இத்தினை வருசத்தில ஒருத்தற்றையை இன்னொருத்தருக்கு மாறிக் குடுத்ததில்லை. நீங்கள் ஊரில விசாரிக்கலாம்.

என்ர தங்கச்சி றிஸ்பாவின்ர மாப்பிள்ளைதான் றம்சீன். முல்லைத்தீவு ஆள், கருவாட்டு வியாபாரம். ரெண்டாயிரத்தி ஆறில கருவாடு எடுக்க நாயாத்துக்குப் போனார், போன கையோட சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். அண்டைக்கு நடக்கத் தொடங்கினவதான் றிஸ்பா.

அந்த நடையை நீங்கள் ஒரு நாளாவது கேட்டிருக்கவேணும். குசினியில இருந்து வாசல் படலைக்கு, படலையில இருந்து குசினிக்கு. ரோட்டில லொறி நிண்டால் படலை. நாய் குரைச்சால் படலை. சோத்தில வைச்ச கையோட எழும்பிப் போவா. செருப்புச் சத்தம் கடைக்குள்ள கேக்கும், எனக்கு வேலை ஓடாது. சத்தம் நிண்டாலும் ஏன் நிண்டதெண்டு எழும்பிப் போய்ப் பாப்பன். அந்த வருத்தம் எனக்கும் தொத்தியிட்டுது. பிரசருக்குக் குளிசை போடத் தொடங்கினன். "உங்கட தங்கச்சி நடந்து நடந்து என்ர வீட்டு நிலத்தைத் தேய்ச்சுப்போடுவா" எண்டு என்ர மனுசி நஃப்லா பகிடி விடுவா. பகிடி எத்தினை நாளைக்குப் பகிடியா இருக்கும்?

இருந்த இடத்தில இருந்து பாக்கட்டும் எண்டுதான் பெட்டியைப் பூட்டினனான். கடைக் கூரையில இருந்து முருங்கைக்கு மேலால வயர் இழுத்து, அவவின்ர அறை யன்னலுக்குள்ளால விட்டன். அந்தப் பெட்டிக்கெண்டு சொந்தமா ஞாபகம் ஒண்டும் இல்லை. எல்லாம் கடையில இருக்கிற பெரிய மெசினிலதான். அவ அங்க தொடுறது இங்க நடக்கும், நான் இங்க வைக்கிறதுதான் அங்க தெரியும். புதுசாப் பூட்டேக்க திரையின்ர ஒவ்வொரு மூலையிலயும் கூட்டல் குறி வரும். பாவிக்கிற ஆளே அதைத் தொடவேணும், இல்லாட்டில் பேந்து ஒரு இடத்தில தொட இன்னொரு இடம் திறக்கும். அவ படலைப் பக்கம் பாத்துப் பாத்துத் தொட்டதில குறி பிசகிச்சுது. கடைசியில நான்தான் விரலைப் பிடிச்சுத் தொடுவிச்சன். ஓதல் கேக்க ஒரு படம், பேப்பருக்கு ஒரு படம், கடிதத்துக்கு ஒரு படம் வைச்சுக் குடுத்தன். கடைக்கு வாறதில அவவின்ர பேருக்கு வாறதை நான் அந்தக் கடிதப் படத்துக்குள்ள போட்டுவிடுவன்.

நடை குறைஞ்சுது, உண்மை. ஆனால் அவ அந்தக் கடிதப் படத்தைத் தொடத் தொடங்கினா. விடியச் சுபஹு தொழுதிட்டு இருந்தால் தொட்டுக்கொண்டே இருப்பா. ஒவ்வொரு தொடுகையும் கடையில என்ர மெசினில தெரியும். கண்ணாடியில அந்த ஒரு இடம் மட்டும் எண்ணெய் பிடிச்சு மங்கிப் போச்சுது. முந்திக் காலால நடந்தவ, இப்ப விரலால நடக்கிறா. ஒண்டும் இல்லாத பெட்டியை ஒரு மனுசி எத்தினை நாளைக்குத் தொடுறது? என்ர இடத்தில நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீங்கள்?

பெப்ரவரியில நான் ஒரு கடிதம் போட்டன். நாயாத்தில இருந்து தப்பி வந்த மீன்காரர் ஒராள் எழுதினமாதிரி. ஷெல் விழுந்ததெண்டும், ஆள் வேதனைப்படாமப் போனதெண்டும், கலிமா சொன்னவர் எண்டும் எழுதினன். அந்தக் கலிமாவை எழுதத்தான் கனநேரம் எடுத்தது. அவவுக்கு ஆறுதலா இருக்கவேணும் எல்லோ.

அவ வாசிச்சுப்போட்டு ஒப்பாரி வைக்கேல்லை. "இனி நான் எங்க போகவேணும், நானா?" எண்டு தமையன் என்னட்ட மட்டும் கேட்டா. "ஒரு இடமும் போகத் தேவையில்லை தங்கச்சி, இரு" எண்டன். வெள்ளை உடுத்து, புருசன் மௌத்தானவ இருக்கவேண்டிய இத்தா இருந்தா. நாலு மாசம் பத்து நாள், படலையைத் தாண்டாம, அந்நிய ஆம்பிளையளுக்கு முன்னால வராம, மார்க்கம் சொன்னபடி. நித்திரை கொண்டா. பெட்டியைத் தொடேல்லை. எங்கட வீட்டில சத்தம் இல்லாமப் போச்சுது, நான் குளிசையை விட்டிட்டன்.

மே மாசம் சண்டை முடிஞ்ச கையோட கடைக்கு ஒரு மெயில் வந்திது. இங்கிலிஸ் எழுத்தில தமிழ். சண்டைக்குள்ள இருந்து வந்த சனத்தை அடைச்சு வைச்ச முகாமின்ர ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஒரு பிள்ளை தட்டி அனுப்பியிருந்தா. 'றிஸ்பாவுக்கு சலாம். உயிரோட இருக்கிறன். தொடையில காயம், மணக்கத் தொடங்கியிட்டுது. சொந்தக்காரர் வந்து பொறுப்பெடுத்தால் பெரியாஸ்பத்திரிக்கு மாத்துவினமாம். நானாவை வரச் சொல்லு.' என்னைத்தான் வரச் சொல்லியிருந்தார். காலமை மோட்டச்சைக்கிளில வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரலாம்.

நான் அதை வாசிச்சுக்கொண்டிருக்கேக்கயே றிஸ்பா கடிதப் படத்தை ஒருக்காத் தொட்டா. எத்தினையோ கிழமைக்குப் பிறகு. மெசினில தெரிஞ்சுது. உள்ளுக்க புதுசா ஒண்டும் இல்லை எண்டு காட்டிச்சுது, விட்டிட்டா.

மெயிலை நான் அழிக்கேல்லை. அப்பிடிப்பட்ட ஆள் இல்லை நான். அவவின்ர படத்துக்குள்ள போடாம விட்டன், அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்கோ. இத்தாவின்ர நடுவில போய், உன்ர மாப்பிள்ளை மௌத்தில்லை, முகாமில புண்ணோட கிடக்கிறார் எண்டால் அவ எழும்பி நடப்பா. முகாமின்ர முள்ளுக்கம்பிவரைக்கும் நடப்பா. முதல் கடிதம் ஆர் எழுதினதெண்ட கேள்வியும் வரும். அது சின்னக் காரணம், நான் பெரிசா எடுக்கேல்லை. "மச்சாள் இப்பதான் மனுசரைப்போலச் சாப்பிடுறா, ஒருத்தரும் குழப்பிப் போடாதேங்கோ" எண்டு நஃப்லாவும் அண்டைக்குத்தான் சொன்னா. அவவுக்கு இதில ஒண்டும் தெரியாது, அவவை இழுக்காதேங்கோ.

மச்சான் சும்மா விடேல்லை. திருப்பி எழுதினார், பேந்தும் எழுதினார். என்னில கோவமோ எண்டு கேட்டார். படுக்கையில கிடந்தும் அந்தாளுக்கு நிலை கொள்ளேல்லை. எனக்குப் பாவமாப் போச்சுது. றிஸ்பா எழுதினமாதிரிப் பதில் போட்டன்: 'நானா வாறார். பொறுத்திருங்கோ.' அதுக்குப் பிறகு அவர் எழுதேல்லை. அந்தப் பிள்ளை மட்டும் ஒருக்கா எழுதினா, 'ஐயா இப்ப அமைதியா இருக்கிறார், வாசலைப் பாத்தபடியே கிடக்கிறார்' எண்டு. இங்க தங்கச்சி அமைதி, அங்க மச்சான் அமைதி. எனக்கும் பெரிய நிம்மதி.

ஜூன் கடைசியில இத்தா முடிஞ்சுது. றிஸ்பா குளிச்சு, நிறச் சீலை உடுத்து முத்தத்துக்கு வந்தா. "இனி எனக்கு ஆர் எழுதப்போகினம், பெட்டியைக் கழட்டுங்கோ நானா" எண்டா. இருக்கட்டும் எண்டன்.

பேந்து ஜூலையில, முகாம் ஆஸ்பத்திரியில உரிமை கோர ஆளில்லாத முஸ்லிம் மையித்து ஒண்டு இருக்கெண்டு பள்ளிக்கு அறிவிச்சாங்கள். பேர் றம்சீன் எண்டும் சொன்னாங்கள். எங்கட றம்சீனுக்குத்தான் தொழுது முடிஞ்சுதே, இது ஆரோ வேற றம்சீன் எண்டு நீங்கள் எல்லாரும் இருந்திட்டீங்கள். தாடியும் மெலிவும், முகம் பாத்தவைக்கும் ஆரெண்டு மட்டுக்கட்டேலாமப் போச்சுது. நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு தொழுவிச்சீங்கள். நான் கடைசி வரிசையில நிண்டனான். குழிக்கு மண்ணும் போட்டனான். சொந்தத்தில ஒராளும் நிக்காம விட மனசு கேக்கேல்லை. ஆஸ்பத்திரியில அவருக்குப் பக்கத்துக் கட்டில்ல கிடந்தவர் பேந்து வந்து, பட்டாணிச்சூர் றிஸ்பா, பட்டாணிச்சூர் றிஸ்பா எண்டு சொல்லிச் சொல்லித்தான் அவர் போனவர் எண்டு உங்களிட்டச் சொல்லாட்டில் இவ்வளவு கதை வந்திருக்காது.

ஓம். உயிரோட இருந்த ஆளை மௌத்தாக்கினதும் நான்தான், சாகுமட்டும் பொறுத்திருக்கச் சொன்னதும் நான்தான். எங்க வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கிறன். ஆனால் நீங்கள் இப்ப சொல்லுற தீர்ப்பு எனக்குப் பொறுக்கேலாமக் கிடக்கு. உயிரோட இருந்த புருசனுக்கு இருந்த இத்தா செல்லாது, மௌத்தான நாளில இருந்து அவ புதுசா இருக்கவேணும் எண்டுறீங்கள். திருப்பி இரு எண்டால் ஏன் எண்டு கேப்பா. ஏன் எண்டு சொன்னால் எழும்பிடுவா.

அவ இருந்த அந்த நாலு மாசத்தைக் கணக்கில எடுங்கோ, காதியார். அவ வெள்ளை உடுத்து இருந்ததும் உண்மை, ஆள் மௌத்தானதும் உண்மை. நான் பொய் சொல்லேல்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன்.