புதனில் நிற்பது

கீழ்பென்னாத்தூர் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் ஊருக்குத் திரும்பும் ஓர் அம்மாவும், அவரை ஏற்றிவிட வந்த மகளும்.

"புதன் கிரகத்துக்குப் போறது கஷ்டமில்லம்மா. அங்க நிக்கறதுதான் கஷ்டம்."

"ஏன்டி?"

"கிட்ட போகப் போக சூரியன் இழுக்கும், வேகம் ஜாஸ்தியாயிடும். பிரேக் போட்டு நிறுத்தற அளவுக்கு எரிபொருள் எடுத்துட்டுப் போக முடியாது. அதனால விண்கலத்தை நேரா நிறுத்த மாட்டாங்க. புதனை ஒட்டி ஒட்டிப் பல தடவை தாண்டிப் போக விடுவாங்க. ஒவ்வொரு தடவையும் வேகம் கொஞ்சம் கம்மியாகும். கடைசியிலதான் நின்னு அதைச் சுத்தும்."

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பாவும் வேங்கிக்கால்ல உன் வீட்டு வழியா நாலு தடவை வண்டில போய்ட்டாரு. உன் கல்யாணத்துக்கே வராத மனுஷன். கேட்டா கலெக்டர் ஆபீஸ்ல வேலைன்றாரு."

"தெரியும்மா, பார்த்தேன். நாலுமே ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் ஏது?"

"கூப்பிடறதுதானே?"

"கூப்பிட்டா இன்னும் வேகமா போய்டுவாரு. போன வாரம் மெதுவாத்தான் போனாரு."

கண்டக்டர் விசில் அடித்தார். மகள் இறங்கி ஜன்னலருகே வந்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை கேட்டைத் திறந்தே வைக்கறேன். நீ ஒண்ணும் சொல்லிடாதம்மா."