சொரங்கத்துக் காத்து

ராக்கப்பன்: கண்ணத் தொற பூமாரி. வண்டி ஓடுது.

பூமாரி: பொய் சொல்லாதீக. சத்தமே இல்ல.

ராக்கப்பன்: காத்துல ஓடுற வண்டிக்கு எதுக்குச் சத்தம்? பெட்ரோல் வண்டிதான் இருமிக்கிட்டே போவும்.

பூமாரி: ஆத்தாடி... தேயிலையெல்லாம் பின்னால போவுது. மஞ்சு வந்து மூஞ்சியில ஒட்டுது.

ராக்கப்பன்: தொரை வேணாம்னு தூக்கிப் போட்ட வண்டி புள்ள இது. பெட்ரோல் குடிச்ச எஞ்சினுக்குக் காத்தக் குடுத்துப் பாத்தேன். போன வாரம் தகரச் செட்டுக்குள்ளயே நாலு மொழம் ஓடுச்சு.

பூமாரி: பின்னால கெடக்குற இரும்பு உருளைக்குள்ளயா அம்புட்டுக் காத்தும்?

ராக்கப்பன்: ஆமா. சொரங்கத்து வாசல்ல மெசின் வச்சு அமுக்குறாகள்ல, அது. பாறையவே தொளைக்கிற காத்து, நம்ம ரெண்டு பேர இழுக்காதா?

பூமாரி: மதுரை வரைக்கும் போவுமா?

ராக்கப்பன்: நீ தின்னு பெருக்காம இருந்தா ராமேசுவரம் வரைக்கும் போவும்.

பூமாரி: கேலிக்குக் கொறச்சலில்ல... வழியில காத்து தீந்தா?

ராக்கப்பன்: ஊருக்கு ஊரு மெசின் வைப்பாக. மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி, நிப்பாட்டிக் காட்டிட்டுப் போவ வேண்டியதுதான்.

பூமாரி: அப்ப பெட்ரோல் விக்கிறவன்?

ராக்கப்பன்: அவன் சாயங்காலமானா காத்து வாங்கப் போவான்.

பூமாரி: ம்க்கும்... மொதல்ல மாட்டுப்பட்டி பங்களா வரைக்கும் போவட்டும். தொரை வாக்கு மாற மாட்டாரே?

ராக்கப்பன்: பங்களா ஏத்தத்த வண்டி தானா ஏறிட்டா, நாளையிலருந்து ஒர்க்ஷாப்புல வேல. சொரங்கத்துக்குள்ள கால் வைக்க வேணாம். ஏறாட்டி...

பூமாரி: ஏறாட்டி?

ராக்கப்பன்: விடிஞ்சா அதே பாறை, அதே தூசி.

பூமாரி: வண்டிய இங்ஙனயே நிப்பாட்டுங்க.

ராக்கப்பன்: நல்ல எறக்கத்துல எதுக்கு நிப்பாட்டணும்?

பூமாரி: எறக்கம் முடிஞ்சா தானா நின்னுரும். அதுக்கு முந்திச் சொல்லிப்புடுறேன்... எந் தம்பி மொக்கையன் செத்து எத்தன நாளு?

ராக்கப்பன்: இன்னியோட இருபத்தொண்ணு.

பூமாரி: அந்தச் சொரங்கத்துல பாறை விழுந்துதான செத்தான்? வியாழக்கெழம நீங்க உருளையப் புதுசா நெரப்பிக் கொண்டாந்து செட்டுல வச்சு, சொரங்கத்துக் காத்து, தொடாத, சீறும்னு சொன்னீக. அன்னையிலருந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு மொனங்குச்சு.

ராக்கப்பன்: திருகு லேசாக் கசிஞ்சிருக்கும்.

பூமாரி: எனக்கு அக்கான்னு கேட்டுச்சு. அகாலமாச் செத்தவன் காத்தாத்தான அலைவான்? அவனத்தான் தெரியாம அடைச்சுக் கொண்டாந்துட்டீகன்னு... பொறுக்கல எனக்கு. நேத்து அந்தியில திருகத் தொறந்து விட்டுட்டேன். ஓன்னு கத்திக்கிட்டே போனான். இப்ப உருளைக்குள்ள ஒண்ணுமில்ல. வண்டி எறக்கத்துல சும்மா உருளுது.

ராக்கப்பன்: தெரியும்.

பூமாரி: தெரிஞ்சுமா என்னைய ஏத்திக்கிட்டு... அய்யோ, நாளைக்கு நீங்க மறுபடியும் உள்ள போவணுமே. என்னைய நாலு வார்த்த திட்டவாச்சும் செய்யுங்க.

ராக்கப்பன்: எறக்கம் இருக்குற மட்டுமாச்சும் ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போவலாம்னு பாத்தேன். எப்பிடித் திட்ட? நேத்து நீ கர்ப்பூரம் கொளுத்தித் தொறக்குறப்ப நானும் செட்டுக்குப் பின்னால நின்னு கும்புட்டேன். எனக்கும் மூணு நாளா மச்சான் மச்சான்னுதான் கேட்டுச்சு புள்ள... தொறக்கத்தான் கை வரல.