நகத்தால நெம்பினா வந்துரும்

டொக்.

பரணிலிருந்து எதுவும் விழவில்லை. எலி ஓடவில்லை. இளவரசன் ரெசின் கலக்கிக்கொண்டிருந்த குச்சியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினான்.

டொக்... டொக்.

தகரத்தின் சத்தம் இல்லை. மரத்தின் சத்தமும் இல்லை. காய்ந்த ஃபைபரை விரல் மூட்டால் தட்டினால் ஒரு சத்தம் வரும். உள்ளே காற்று நிற்கிறதா என்று ஃபைபர் தொழில்காரர்கள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். அதே சத்தம்.

இரவு ஒன்பது மணி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலை. கரும்புக் காட்டை ஒட்டித் தனியாக நிற்கிற ஷெட். எட்டரை மணி பஸ் போய்விட்டால் அந்தப் பக்கம் நாய்கூட நடக்காது. ஷெட்டுக்குள் இளவரசனைத் தவிர யாரும் இல்லை.

நம் வீரமணி இருக்கிறானே, அவனுடைய தங்கை புருஷன்தான் இந்த இளவரசன். வீரமணி சொன்னதை அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்த வேண்டாம்... திறந்தே இருக்கட்டும்.

இளவரசனுக்குத் தொழில், பழைய கார்களின் உட்புறத்தைப் புதிதாக்குவது. கதவின் உள்பக்கம் கையைச் சாய்த்துக்கொள்வோமே, அந்தப் பேனல். டேஷ்போர்டு. இதெல்லாம் ஐம்பது வருஷத்துக் காருக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. முதலில் மோல்டு, அதாவது அச்சு, எடுக்க வேண்டும். மோல்டுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த ரெசின் பிசினை ஊற்றிப் பூச வேண்டும். கலந்துவிட்டால் பதினைந்து நிமிஷம்தான். பிறகு அது கல். பகல் வெயிலில் ஐந்து நிமிஷத்திலேயே இறுகிவிடும் என்பதால் அவனுக்கு வேலையெல்லாம் ராத்திரியில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் தியாகதுருகத்திலிருந்து சின்னதுரை என்ற மிராசு ஒரு பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்து விட்டார். அவர் அப்பா ஓட்டிய வண்டி. மகள் கல்யாணத்துக்கு அதில்தான் பெண் அழைப்பு.

"கதவுல ஒரு கைப்பிடிகூட கண்ணுக்குத் தெரியக் கூடாதுப்பா. எல்லாம் ஸ்விட்ச்சு. உள்ள பாத்தா உரிச்ச முட்ட மாரி இருக்கணும்" என்றார்.

ஸ்விட்ச் வேலைக்கு வந்தவன் வெங்கடேசன். கருணாபுரத்துக்காரன். இளவரசனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. கதவு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் அவன்தான் வயர் இழுத்தான். இழுத்துக்கொண்டே சண்டையும் போட்டான்.

"டேய், பேட்டரி செத்தா ஸ்விட்ச்சும் சாவும். அப்ப கதவ இன்னாத்த வச்சித் தொறப்ப? பல்ல வச்சா?"

"உன் வயரிங் மேல உனக்கே நம்பிக்க இல்லியா மச்சான்?"

"என் வயரிங்க நம்புறேன். மழைய நம்பல. பழைய கைப்பிடி பேனலுக்குப் பின்னாடி அப்பிடியே கெடக்குது. அது மேல ஒரு சின்ன மூடி மட்டும் வை. அவசரம்னா தொறந்து இழுக்கலாம்."

நியாயம்தான். இளவரசனும் மூடிக்காக ஓட்டை வெட்டினான். ஓரம் விரிசல் விட்டது. புதுப் பேனல் செய்து மறுபடி வெட்டினான். மறுபடி விரிசல். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை அவன் வெட்டவில்லை. மோல்டிலேயே மூடி மாதிரி ஒரு சதுரக் கோடு மட்டும் போட்டுவிட்டான். பார்த்தால் மூடி. தொட்டால் ஒரே பலகை. கல்யாணம் முடிந்ததும் நிதானமாக வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

வெங்கடேசனிடம் என்ன சொன்னான் தெரியுமா?

"மூடி வச்சிட்டேன்டா. கோட்டப் பாரு. நகத்தால நெம்பினா வந்துரும்."

வெங்கடேசன் குனிந்து அந்தக் கோட்டில் விரலை ஓட்டினான். "இப்ப நெம்பிப் பாக்கட்டா?"

"பெயிண்ட்டு காயல. தொடாத."

அவ்வளவுதான். அவ்வளவு சின்னப் பொய்.

ஐப்பசி மழை. வண்டியை மலை ஏற்றி இறக்கினால்தான் வயரிங் தாங்குமா என்று தெரியும் என்று, ஒரு சாயங்காலம் வெங்கடேசன் தனியாக வெள்ளிமலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். இளவரசன் ஷெட்டில் வேறொரு வண்டிக்கு டேஷ்போர்டு போட்டுக்கொண்டிருந்தான். ஹார்டனர் கலந்தாகிவிட்டது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை ரெசின். ஸ்டூல் மேல் போன் அடித்தது. திரையில் 'வெங்கட் எலக்ட்ரிக்'. மணி ஒன்பது பன்னிரண்டு.

மறுபடி கைப்பிடிப் பாட்டுதான் பாடப்போகிறான் என்று நினைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தால் இந்த டேஷ்போர்டு வீண். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

போன் அடித்து ஓய்ந்தது. தின்னரில் கை கழுவித் திருப்பி அழைத்தபோது மணி பத்து. சுவிட்ச் ஆஃப்.

விடிந்ததும் சேதி வந்தது. மலையடிவாரத்துத் தரைப்பாலத்தில் காட்டாறு பொங்கி, வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. தண்ணீர் ஏறி பேட்டரி செத்திருக்கிறது. நான்கு கண்ணாடியும் ஏற்றியபடி. நான்கு கதவும் சாத்தியபடி. டூல் பை டிக்கியில். உள்ளே வெங்கடேசன்.

ஷெட்டுக்கு இழுத்து வந்த வண்டியில் டிரைவர் பக்கத்துப் பேனலை இளவரசன்தான் கழற்றினான். அந்தச் சதுரக் கோடு... அதன் மேல் நான்கு கீறல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெம்பிய கீறல். கோட்டுக்குள் பிறை மாதிரி ஒரு நகத் துண்டு.

யாரும் பார்க்கும் முன் பேனலைச் சுத்தியலால் உடைத்துக் கரும்புக் காட்டு ஓரத்தில் கொளுத்தினான். கறுப்புப் புகை. மூன்று நாள் தொண்டைக்குள் அந்த நாற்றம்.

ஊர் என்ன சொன்னது? குடித்துவிட்டு ஓட்டியிருப்பான், கதவைத் திறக்கத் தெரியாத அளவுக்குக் குடித்திருப்பான் என்றது. கருணாபுரத்துக்காரன் என்றதும் அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அந்தத் தெருப் பெயருக்கு அப்படி ஒரு ராசி. வெங்கடேசன் பீடிகூடத் தொடாதவன். அது இளவரசனுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வெங்கடேசனின் மனைவி கலையரசி ஷெட்டுக்கு வந்தாள்.

"பொண்ண இஸ்கூல்ல குடிகாரன் மவளுன்னு சொல்றாங்கண்ணா. அவரு குடிப்பாரா? நீங்கதான் எப்பவும் கூட இருந்தீங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும்."

இளவரசன் தரையைப் பார்த்தான். "தெரியலம்மா" என்றான்.

இன்னொன்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

வெங்கடேசனின் நம்பரை அன்றே போனிலிருந்து அழித்தான். மோல்டை மட்டும் உடைக்கவில்லை. மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்துச் செய்த மோல்டு. கோணி போட்டுச் சுற்றிப் பரணில் ஏற்றினான்.

இந்த ஐப்பசியில், களமருதூரிலிருந்து தெய்வசிகாமணி என்பவர் ஓர் அம்பாசிடரோடு வந்தார். சுவரில் கழற்ற மறந்த பழைய போட்டோ ஒன்று, சின்னதுரை வண்டியின் உட்புறம். அதைத் தட்டிக் காட்டினார். "இதே மாரி செஞ்சிரு தம்பி."

முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். இளவரசன் பரணிலிருந்து மோல்டை இறக்கினான். இந்த முறை நிஜமாகவே மூடி வெட்டி விடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

முதல் பேனலைக் காலையில் பிரித்தெடுத்தான். கோட்டின் மேல் நான்கு மேட்டு வரிகள். மோல்டில் கீறல் விழுந்தால்தான் பேனலில் மேடாக வரும். மோல்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் முகம்தான் தெரிந்தது.

உப்புத்தாள் போட்டு வரிகளைத் தேய்த்து எடுத்தான். அதற்குள் பேனல் மெலிந்து வீணாகிவிட்டது. இரண்டாவது ராத்திரி மோல்டை மூன்று தடவை மெழுகு போட்டுத் துடைத்துவிட்டு ஊற்றினான். காலையில் எட்டு வரிகள். இரண்டு கை. பிரிக்கும்போது ரெசின் வாடை வரவில்லை. ஆற்றுச் சேற்று வாடை வந்தது.

மூன்றாவது ராத்திரிதான் இந்த டொக்... டொக்.

மோல்டு மேசையில் மல்லாந்து கிடந்தது. சத்தம் அதற்குள்ளிருந்து. இளவரசன் கையில் ஹார்டனர் கலந்த ரெசின். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடினால் நாளை ராத்திரியும் இது தட்டும் என்று மனசு சொன்னது. நார்ப் பாயை விரித்து, இரண்டு கையாலும் ரெசினை அழுத்திப் பூச ஆரம்பித்தான். கைக்குக் கீழே... டொக். அவன் உள்ளங்கைக்கு நேராக. மறுபக்கத்திலிருந்து.

ஸ்டூல் மேல் போன் அடித்தது.

வெங்கட் எலக்ட்ரிக்.

அழித்த நம்பர். அழித்த பெயர். மணி ஒன்பது பன்னிரண்டு.

இந்த முறை அவன் கையைத் துடைக்கவில்லை. ரெசின் வழிகிற கட்டை விரலாலேயே எடுத்தான்.

முதலில் தண்ணீர். களக்... களக்... என்று ஒரு சின்னப் பெட்டிக்குள் ஏறுகிற தண்ணீர். பிறகு மூச்சு. காதுக்குள்ளேயே விடுகிற மாதிரி. பிறகு குரல்.

"எலவரசா... மூடி வர்லடா. நெம்பி நெம்பி நகம் போச்சு."

மூடியே இல்லை என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அன்றைக்குப் போனை எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ அதுதான் வந்தது.

"நெம்பாத மச்சான். கைய வுட்டுடு. கெளம்பிட்டேன். வந்துக்கினே இருக்கேன்."

"சரிடா" என்றது குரல். நிம்மதியாக.

அப்புறம் தண்ணீர் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. போனில் அழைப்பு வந்த பதிவு எதுவும் இல்லை. கண்ணாடியில் அவன் கட்டை விரல் ரேகை மட்டும் ரெசினாக இறுகிப்போயிருந்தது. இன்னும் அந்தப் போனில் இருக்கிறதாம். வீரமணி தடவிப் பார்த்திருக்கிறான்.

இளவரசன் பைக்கை எடுத்துக்கொண்டு தரைப்பாலத்துக்குப் போனான். இந்த வருஷம் மலையில் மழை இல்லை. வெறும் கூழாங்கல். விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கருணாபுரம்.

கலையரசி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். விரிசல் விட்ட ஓட்டையை. பொய்க் கோட்டை. நகத்தால் நெம்பினால் வரும் என்று சொன்னதை. பேனலைக் கொளுத்தியதை. வெங்கடேசன் ஒரு சொட்டு குடிக்கவில்லை, இதைத் தெருவில் நின்று சொல்கிறேன், ஸ்டேஷனில் வந்து சொல்கிறேன் என்றான். நேற்று ராத்திரி வந்த போனை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இதையெல்லாமும் நம்பமாட்டாள் என்று பயம்.

பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். கலையரசி அவர்களை ஒரு முறை பார்த்தாள்.

"அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரியும்ண்ணா. இப்ப இவங்களுக்கும் தெரிஞ்சிச்சி. அது போதும். ஆனா அன்னிக்கி ஷெட்டுக்கு வந்தப்போ நான் கேக்க வந்தது வேற. வாய் வரல."

"கேளும்மா" என்றான் இளவரசன்.

"அன்னிக்கி ராத்திரி கடைசியா எனக்குத்தான் போன் பண்ணாரு. 'பயப்படாத கலை, எலவரசன் போன எடுத்துட்டான். நெம்பாத, கைய வுட்டுடு, கெளம்பிட்டேன், வந்துக்கினே இருக்கேன்னு சொல்றான். அதான் கதவ வுட்டுட்டு சும்மா குந்திக்கினு இருக்கேன்'னாரு... நீங்க ஏண்ணா வரல?"