ஸ்டியரிங்கில் இருந்த சந்தனம்

"எங்கப்பா வெரல் தடம் முந்தாநாளுதான் அழிஞ்சுது தம்பி," என்றார், சீவலப்பேரி பஸ்ஸில் என் முன்சீட்டு நரைமீசைக்காரர்.

"எங்கன அண்ணாச்சி?" என்றார் அவர் பக்கத்திலிருந்தவர்.

"வீட்டுல பழைய அமெரிக்கா கார் நிக்குல்லா? அவரு சாகுததுக்கு முந்துன ஆயுத பூசைக்கு அதோட ஸ்டியரிங்ல அவரு வெரலால வச்ச சந்தனம். அத வாங்குதவரு, துருவக்கூடத் தொடாதீய, அப்படியே வேணும்னு போன்ல சொல்லியிருந்தாரு. வீட்டுக்கு ஆள் வாராகளேன்னு ஒங்க மதினி எல்லாத்தையும் தொடச்சு, புதுச் சந்தனம் வச்சுட்டா."

"வேண்டாம்னுட்டாரா?"

"இல்ல. நேத்து வந்தவரு அதப் பாத்து, 'இது ஒங்கப்பா வச்சதா?'ன்னு கேட்டாரு. ஒங்க மதினி காப்பியோட அங்கன நிக்கா. ஆமான்னுட்டேன்."

பஸ் பாலம் ஏறியது.

"மதினி ஒண்ணும் சொல்லலியா?"

"டம்ளர வச்சுட்டு, அந்தச் சந்தனத்தத் தொட்டுக் கும்பிட்டா."