லோரி முடிச்சு

— போதும் லா விளையாட்டு, குரு. கை மரத்துப் போச்சு. அவுத்து விடு.

— முழிச்சிட்டியா.

— தலை சுத்துது மச்சான். டீ குடிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. கண்ணத் தொறந்து பாத்தா மரத்தோட சேத்துக் கட்டி வச்சிருக்க. போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டியா?

— போடல.

— பின்ன எதுக்கு இது? வாட்டர்ஃபாலுக்கு ஏறினப்ப நீ மூச்சு வாங்குனதப் பாத்துச் சிரிச்சேனே, அதுக்கா? பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடை வேன்ல ஏசி போட்டுக்கிட்டு ஓட்டுனா மூச்சு வாங்கத்தான் செய்யும். லோரிக்கே திரும்ப வந்துருன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்.

— டீயில மாத்திரை போட்டேன், விமலன். அம்மா தூங்குறதுக்குச் சாப்பிடுற மாத்திரை.

— என்னடா சொல்ற?

— மாடு மாதிரி இருக்க. முழிச்சிருந்தா உன்னைக் கட்ட என்னால முடியுமா?

— மச்சான், அந்தப் பாராங் கத்திய முதல்ல கீழ வை. வெறகு வெட்டத்தானே கொண்டு வந்த?

— வெறகு அப்பவே வெட்டியாச்சு.

— உன் மூஞ்சியே சரியில்ல. பசிதான். காலையிலேருந்து ரெண்டு பேரும் பிஸ்கட்டுதான். அடுப்பப் பத்த வச்சு மெகி போடுவோம், சார்டின் டின்ன ஒடச்சு ஊத்துவோம். கைய விடு, நானே சமைக்கிறேன். உன் காலப் பாரு, அட்டை ஏறி ரத்தம் வழியுது. உப்பு பைக்குள்ள இருக்கு, எடுத்துத் தேய்.

— அட்டை குடிச்சா குடிக்கட்டும். தலைக்கு மேல பாரு.

— என்ன இருக்கு?

— கான்வாஸ். கூடாரம் எதுக்கு வாங்கணும், என்கிட்ட பழைய லோரி கான்வாஸ் கெடக்கு, கார் கூரையிலேருந்து மரத்துக்கு இழுத்துக் கட்டுவோம், சீட்டைச் சாச்சுப் படுத்துக்குவோம்னு சொன்னேன்ல. வந்து எறங்குன ஒடனே கயித்த உன் கையில குடுத்தேன். ஏன்னு நெனச்ச?

— நீ மறந்திருப்பன்னு நெனச்சேன். லோரிய விட்டு எத்தன வருஷமாச்சு.

— ரெண்டு பேரும் ஒரே லோரியில கெலிண்டானா, டிரைவருக்கு எடுபிடியா தொங்கிக்கிட்டுப் போய்க் கத்துக்கிட்ட முடிச்சு, எனக்கு மறக்குமா? போர்ட் கிள்ளான்ல எல்லாரும் ஒரு சுத்து சுத்தி முடிச்சுப் போடுவாங்க. நீ மட்டும் ரெண்டு சுத்து.

— கயிறு வழுக்கி என் கால்ல மூட்டை விழுந்துச்சுல்ல. அதுலேருந்து ஒரு சுத்து மேல நம்பிக்கை இல்ல. அதுக்கென்ன இப்ப?

— கிஷன் கையில ரெண்டு சுத்து இருந்துச்சு.

— குரு...

— பேசு. இப்பதான் மெகி, சார்டின்னு வாய் ஓயாம பேசின.

— சொல்லு. நீயே சொல்லு.

— என் தம்பிய கடலோரப் பாக்காவ் காட்டுச் சேத்துல, படகு கட்டுற தூணோட சேத்துக் கட்டிப் போட்டானுங்க. அலை ஏறி, மூக்குல தண்ணி போய்ச் செத்தான். ஆஸ்பத்திரியில போலீஸ்காரன் கயித்தப் பாத்தான். நான் முடிச்சப் பாத்தேன். கட்டுனவன் லோரிக்காரன்னு அங்கேயே தெரிஞ்சு போச்சு. ரெண்டு சுத்து யாரு போடுவான்னு அப்ப புத்தியில ஏறல. அப்புறம் பெட்டிய வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மழை புடிச்சுக்கிச்சு. வாசல்ல உக்காந்திருந்த சனம் நனையுதுன்னு ஓடிப் போய் கான்வாஸ் கட்டுனது யாரு?

— நான்தான்.

— அழுதுக்கிட்டே கட்டுன. உன் தோள்ல கை வச்சுத் தேத்துனேன், எனக்கு இன்னொரு தம்பி மாதிரி. தேத்திட்டுத் தலையத் தூக்குனா முடிச்சு கண்ணுல படுது.

— அங்கேயே கேட்டிருக்கலாமேடா.

— அழுத கண்ணு, தப்பாப் பாத்திருக்கும்னு விட்டேன். அதான் இன்னிக்குத் திரும்பக் கட்ட வச்சேன். ஹைக்கிங், கேம்பிங், டோல் மிச்சம்னு பழைய ரோட்ட சுத்தி வந்தது, எல்லாம் இதுக்குத்தான். மழைக்காலம்னு இங்க ஒரு ஈ காக்கா கெடையாது. பாறையில வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னா யாரு இல்லன்னு சொல்லப் போறா? இப்பச் சொல்லு. நீதானே?

— நான்தான்.

— சத்தமாச் சொல்லு.

— நான்தான் கட்டுனேன், குரு.

— இந்தா. வாங்கிக்க.

— ம்ம்... ஹா...

— துப்பு. பல்லா அது? துப்புடா. எங்கம்மா கையால தீபாவளிக்குத் தீபாவளி ஆட்டுக்கறி தின்ன பல்லு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு கேள்விப்பட்டிருக்கேன், உன் மூஞ்சியிலதான் பாக்குறேன்.

— மூக்குல மட்டும் அடிக்காத. ரத்தம் தொண்டைக்குள்ள போகுது, பேச முடியாது. நான் பேசணும்.

— எங்க அடிக்கணும்னு நீ சொல்லுவியா? இந்தா, வயித்துல வாங்கு. இன்னொண்ணு. யாரு சொல்லிக் கட்டுன?

— ராதா பாஸ்... இரு, மூச்சு வரட்டும். கிஷன் வேலை பாத்த ஸ்டோர்லேருந்து அவர் சாமானத் திருட்டுத்தனமா வெளிய அனுப்புறத அவன் பாத்துட்டான். மேல சொல்லிருவேன்னு அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான். படிச்ச திமிரு.

— திமிருன்ன, வாயக் கிழிச்சிருவேன்.

— சரி, நேர்மை. நேர்மைதான். சாமான் ஏத்தணும்னு எனக்குப் போன் வந்துச்சு. போய்ப் பாத்தா லோரி பின்னால கிஷன் கெடக்கான், வாயில துணிய அடைச்சு. வெட்டிக் கடல்ல வீசிருவோம்னு ஒருத்தன் சொல்றான். சின்னப் பையன், சேத்துல கட்டிப் போட்டு பயம் காட்டுவோம், போதும்னு நான்தான் சொன்னேன். நானே கட்டுறேன்னும் சொன்னேன்.

— கேட்டு வாங்கிக் கட்டுனியாடா.

— வேற எவன் கட்டியிருந்தாலும் கம்பியப் போட்டு முறுக்கியிருப்பான். லோரி முடிச்சு எவ்வளவு பாரம் தாங்கும், உனக்கே தெரியும். ஆனா கயித்து வாலப் புடிச்சு மெதுவா கீழ்ப்பக்கமா இழுத்தா என்ன ஆகும்?

— அவுந்துரும்.

— அந்த வால அவன் விரலுக்குள்ள வச்சேன். பின்னாலயே நிக்குறானுங்க, வாயத் தொறந்து சொல்ல முடியாது. அவன் கைய ஒரு அழுத்து அழுத்திட்டு வந்தேன். தண்ணி ஏற நேரம் கெடக்கு, எங்க லோரி திரும்புன ஒடனே அவுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான்னு நம்புனேன்.

— ஆஸ்பத்திரியில அவன் கை மூடியே இருந்துச்சு. விரலப் பிரிச்சுப் பாத்தா உள்ள கயித்து நுனி. இத ஏன் புடிச்சுக்கிட்டு இருக்கான்னு போலீஸ்காரன் என்கிட்ட கேட்டான். எனக்குத் தெரியல.

— கடைசி வரைக்கும் விடலையா?

— விடல. முடிச்சு இறுகிக் கல்லு மாதிரி கெடந்துச்சு.

— திமிறியிருக்கான். திமிறுனா இறுகும். லோரி மேல ஏறுனவன் எவனுக்கும் அது தெரியும். உன் தம்பி அவன். உன் வீட்டுல வளந்தவனுக்கு இந்த முடிச்சு தெரியாமலா இருக்கும்னு நெனச்சுட்டேன்.

— அவன் லோரியில ஏறுனதே இல்ல.

— ஒரே ஒரு தடவ ஏறுனான். பள்ளிக்கூட யூனிபார்மோட, பாரத்து மேல நின்னுக்கிட்டு, எப்படிண்ணே கட்டுறதுன்னு என்கிட்ட கேட்டான். நீ எறக்கி விட்டு கன்னத்துல ஒண்ணு குடுத்த.

— புத்தகம் புடிக்கிற கை கயித்தப் புடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்.

— அதெல்லாம் எனக்குப் பொறவுதான் ஞாபகம் வந்துச்சு.

— பழிய என் மேல போடுறியா? என் மேல?

— ஆ... முட்டி... குரு, முட்டி ஒடஞ்சிருச்சு...

— பாராங் முதுகாலதான் போட்டேன். வாய்ப்பக்கம் இன்னும் திருப்பல. அவன் படிக்கணும்னு நான் வெயில்ல செத்தேன்டா. அவனாவது ஃபேன் கீழ உக்காரட்டும்னு. அதுவா அவனக் கொன்னுச்சு?

— இல்ல. உன் மேல ஒரு பழியும் இல்ல. நான் சொல்றது இன்னும் முடியல, கேளு. அன்னிக்குச் சாயங்காலம் உனக்குப் போன் பண்ணேன்.

— பண்ண. தம்பி வந்துட்டானான்னு கேட்ட.

— நீ என்ன சொன்ன?

— இன்னும் வரல, வருவான் லா, எங்க போயிருவான்னு சொன்னேன்.

— மாமாக் சாப்பாட்டுக் கடையில அவனுங்க கூட உக்காந்திருந்தேன். எதிர்ல ரொட்டி சானாய். அவன் வரலன்னு நீ சொன்னதும் எனக்குப் புரிஞ்சு போச்சு, பையனுக்கு அவுக்கத் தெரியல. தண்ணி இடுப்பு வரைக்கும்தான் வந்திருக்கும், லோரிய எடுத்தா போய் அவுத்து விட்டிரலாம். யாருடா போன்லன்னு ராதா பாஸ் கேட்டாரு. பொண்டாட்டின்னு சொன்னேன். ரொட்டியப் பிச்சு வாயில போட்டேன்.

— தின்னுக்கிட்டு இருந்தியா.

— முழுசாத் தின்னேன். கொழம்பு இன்னும் ஊத்தச் சொல்லித் தின்னேன், அவருக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு. கட்டுனது அவனக் காப்பாத்த, குரு. தின்னதுதான் கொலை. வெட்டுறதுன்னா அதுக்கு வெட்டு.

— கண்ண மூடாத. என்னைப் பாரு.

— பாக்குறேன்.

— கெஞ்சு. பொண்டாட்டி ஷாமினி இருக்கா, கைப்புள்ள இருக்குன்னு சொல்லிக் கெஞ்சுடா.

— அவங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியாதா.

— கெஞ்சுனா வெட்டிருவேன். அதுக்குத்தான் கேக்குறேன். கை மேல எழும்ப மாட்டேங்குது எனக்கு.

— ரெண்டு கையாலயும் புடி மச்சான். எழும்பும்.

— வாய மூடு. இவ்வளவு தெரிஞ்ச உனக்கு இது தெரியலையா? உன்னைக் கட்டுனதும் லோரி முடிச்சுதான். கிஷன் கையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னு வால உன் விரலுக்குள்ளயே வச்சேன்.

— மெகியப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கும்போதே விரல்ல தட்டுப்பட்டுச்சு.

— தட்டுப்பட்டும் இவ்வளவு அடி வாங்குனியா? கார் சாவி கார்லயே தொங்குது. என் தம்பிக்குத்தான் இழுக்கத் தெரியல, உனக்குமா தெரியாது?

— கிஷன் பேரைச் சொன்னியே, அப்பவே இழுத்துட்டேன் குரு. என் கை ரெண்டும் அவுந்து சும்மாதான் இருக்கு.